இது எத்தனாவது வேண்டாம்?

1

அடுத்த வாரம் எங்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். வருவதற்கு முன் போன வருடக் கூட்டக் குறிப்பைப் படித்துவிட்டு வர வேண்டும் என்பது இங்கே விதி. நான் விதிகளை மதிப்பவள். படித்தேன். நான்காவது பொருள், தலைவர் தேர்வு. அதன் கீழே இப்படி எழுதியிருக்கிறது: "சுடலைமுத்து மறுத்துவிட்டார். அவரது முடிவு மதிக்கப்பட்டது."

சுடலைமுத்து என் அப்பா. தூத்துக்குடிப் பக்கத்து ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. நியூசிலாந்தை அவர் வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் திரும்பி வந்துவிடும் என்று ஒரு ஏஜெண்ட் பயமுறுத்தியதால் அங்கே அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கிக்கும் பல் மருத்துவருக்கும் நூலகத்துக்கும் நான் சுடலைமுத்துதான். பொன்மாரி என்ற பெயர் வீட்டோடு சரி.

"அப்பா இன்னும் வேண்டாம் வேண்டாம்னுதான் சொல்லிட்டு இருக்காரு" என்று ஆத்தூருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். "அவரு அப்படித்தானளா" என்று அம்மா அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாள்.

நாங்கள் இருப்பது டிமரு என்ற சிறிய துறைமுக ஊர். தூத்துக்குடியைப் போலவே இங்கேயும் சூரியன் கடலிலிருந்துதான் வருகிறது. அங்கே உப்பு ஏற்றுவார்கள், இங்கே பால் பவுடர். இரண்டும் வெள்ளை. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் சரக்குத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த நான் இங்கேயும் அதையே பார்க்கிறேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து அதே வேலைக்கு வந்து சேர்ந்தவள் என்று என் கணவர் விருந்தாளிகளிடம் சொல்வார்.

சங்கம் என்று நான் சொல்வது பெண்கள் படிக்கவும் பொறுப்புகளுக்கு வரவும் கைகொடுக்கும் ஒரு உறுப்பினர் சங்கத்தை. முப்பது பேர் இருக்கிறோம். மாதம் ஒரு சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு நூலகத்தின் பின்னறையில் கூடுவோம். தலைவர் ஹெதர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, எழுபத்தெட்டு வயது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட முயற்சி எடுத்தவர் அவர் ஒருவர்தான். 'போன் மேரி' என்பார். மாரி மேரியானதில் எனக்கு வருத்தம் இல்லை.

போன வருடக் கூட்டத்தில் ஹெதர், தன் முழங்கால் இனித் தாங்காது என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "போன் மேரி, நீங்கள் தலைவராக நிற்பீர்களா?"

எனக்கு ஆசை இருந்தது. பதினோரு வருடம் அந்த அறையில் நாற்காலி அடுக்கியிருக்கிறேன். தலைவரானால் என்னென்ன செய்வேன் என்று ஒரு நோட்டில் எழுதிக்கூட வைத்திருந்தேன். அந்த நோட்டு அப்போது என் பையில் இருந்தது. நான், "ஐயோ, நான் எதற்கு? என்னைவிடத் தகுதியானவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்களே" என்றேன்.

ஹெதர் என் கண்ணைப் பார்த்து, "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றார். பிறகு யாரும் கிடைக்காததால் அந்த முழங்காலோடு அவரே இன்னொரு வருடம் தொடர்ந்தார். ஐந்தாவது பொருள், கைப்பிடி உடைந்த தேநீர்க் கோப்பைகளை என்ன செய்வது என்பது. அதைப் பேச இருபத்தைந்து நிமிடம் ஆனது.

2

என் தவறு எங்கே என்று ஊர்க்காரர்களான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தவறே இல்லை என்பீர்கள்.

தூத்துக்குடியில் மட்டக்கடைப் பக்கம் ஒரு மருந்துக்கடை மாடியில் என் பழைய சங்கம் இன்றும் கூடுகிறது. ஆசிரியைகள், நர்சுகள், துறைமுக ஆபீஸில் வேலை பார்ப்பவர்கள், உப்புக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட பெண்களின் வீடுகளுக்குப் போய் அப்பாவிடம் பேசுவதுதான் முக்கிய வேலை. அங்கே தலைவி தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவார்கள், ஏனென்றால் எல்லோரும் மறுக்க வேண்டும். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் பக்கத்தில் இருப்பவருக்காக. மூன்றாவதைத்தான் யோசித்துச் சொல்வார்கள்.

வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு வங்கி அதிகாரி, முதல் தடவை கேட்டதுமே "சரி, செய்றேன்" என்று சொல்லிவிட்டார். சங்கத்தை நன்றாகத்தான் நடத்தினார். ஆனால் அவர் மாற்றலாகிப் போன பிறகும் 'கேட்ட உடனே சரின்னவ' என்றால்தான் எல்லோருக்கும் அடையாளம் தெரியும்.

அந்தச் சங்கத்தின் லூர்து டீச்சர்தான் எனக்கு ஆத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுத்தவர். தூத்துக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவார். நான் பிளஸ் டூ முடித்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, பொன்னக் காலேஜுக்கு அனுப்புங்க. ஹாஸ்டல எங்க சங்கம் பாத்துக்கிடும்."

"வேண்டாம் டீச்சர்" என்றார் அப்பா. "பொம்பளப் புள்ளைக்கு இம்புட்டுப் படிப்புப் போதும்."

அம்மா காப்பி கொண்டுவந்தாள். டீச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அரை மணி நேரம் மழையைப் பற்றியும் வெற்றிலையில் விழுந்த நோயைப் பற்றியும் பேசினார்கள். பிறகு டீச்சர் மறுபடி கேட்டார்.

"வேண்டாம் டீச்சர். ஊரு ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசும்."

"அண்ணாச்சி, இது எத்தனாவது வேண்டாம்?"

அப்பா நேர்மையானவர். யோசித்துப் பார்த்துவிட்டு, "ரெண்டாவது" என்றார்.

"அப்பம் சரி. எனக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்குத்தான்" என்று டீச்சர் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது காப்பியும் வந்தது. டீச்சர் படிப்பைப் பற்றிப் பேசவே இல்லை. ஆறரை மணிக்கு அப்பா கேட்டார். "அங்கன ஹாஸ்டல்ல சோறு நல்லாப் போடுவாங்களா டீச்சர்?"

அவர் கடைசிவரை சரி என்று சொல்லவில்லை. நான் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்று சத்தம் வராமல் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

3

என் மகள் கயலுக்கு இதெல்லாம் ஏறவில்லை. அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது ஊருக்குக் கூட்டிப் போனேன். "சாப்பிடுதியாளா?" என்று என் அத்தை கேட்டதும், "ஆமா, பசிக்கு" என்றாள். வீடே ஒரு நிமிடம் நின்றுபோனது. இலை போட்டு நான்கு தோசை வைத்தார்கள். ஐந்தாவதற்கு வேண்டாம் என்றாள். அத்தை போட்டாள். ஆறாவதற்கும் வேண்டாம் என்றாள். அத்தை அதையும் போட்டு மேலே சாம்பாரையும் ஊற்றினாள்.

கயல் அழுதுவிட்டாள். "நான் நோ சொன்னேன்மா. அவங்க கேக்கவே இல்ல" என்று இரவு வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அதை அவளுக்கு ஒரு பாடமாகவே நடத்தியிருந்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதற்கு மேல் பேச்சில்லை என்று. தோசைக்கு அது பொருந்தாது என்று நான் சொன்னேன். எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று ஒரு பட்டியல் கேட்டாள்.

4

எங்கள் டிமரு சங்கம் வருடத்துக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் படிப்புக்கு உதவும். போன வருட ஆண்டுக் கூட்டம் முடிந்த இரண்டாவது மாதம், லூர்து டீச்சர் அனுப்பிய ஒரு பெண்ணை நான் முன்மொழிந்தேன். பெயர் ஜெனி. தூத்துக்குடியில் திரேஸ்புரத்துக்காரி, அப்பா மீன்பிடிக்கப் படகில் போகிறவர். எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஒரு கடையில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கப்பலில் எலக்ட்ரிக்கல் ஆபீசராகப் போவதற்கு ஒரு படிப்பு உண்டு. சென்னையில் அதற்கு இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் இடம் போய்விடும்.

வீடியோவில் நேர்முகத் தேர்வு. எங்களுக்கு மாலை நான்கு மணி, அங்கே காலை. ஜெனி லூர்து டீச்சர் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் பின்னால் நின்றார். ஜெனியின் அம்மா கதவோரம். இந்தப் பக்கம் ஹெதரும் இரண்டு உறுப்பினர்களும் நானும். முன்மொழிந்தவர் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது என்பது இங்கே இன்னொரு விதி.

மின்சாரத்தைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் ஜெனி நல்ல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். ஹெதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் சம்பிரதாயத்துக்கு ஒன்று கேட்டார். "இந்த உதவிக்கு நீங்கள்தான் மிகவும் பொருத்தமானவர் என்று நினைக்கிறீர்களா?"

"இல்லை மேடம்" என்றாள் ஜெனி. "என்னைவிட நன்றாகப் படித்தவர்கள் எங்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள்."

டீச்சர் பின்னால் நின்று பெருமையாகத் தலையாட்டினார்.

ஹெதர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் வேறு ஒருவருக்குக் கொடுத்தால் உங்களுக்குச் சம்மதமா?"

"தாராளமாகக் கொடுங்கள் மேடம். எனக்குத்தான் வேண்டும் என்று இல்லை."

பேசக் கூடாது என்பதால் நான் புருவத்தை உயர்த்தினேன். கண்ணை அகல விரித்து அசையாமல் வைத்துக்கொண்டேன். முடிந்த அளவுக்கு முகத்தால் கத்தினேன். ஜெனி அக்கறையாக, "பொன்மாரி அக்கா படம் அப்படியே நின்றுவிட்டது மேடம்" என்றாள்.

அழைப்பு முடிந்ததும் ஹெதர் வருத்தத்தோடு எழுதினார்: விண்ணப்பதாரர் தாமாகவே விலகிக்கொண்டார். அடுத்த இடத்தில் வேறொரு நாட்டுப் பெண் இருந்தாள். சனிக்கிழமைக் கூட்டத்தில் அதை உறுதி செய்வார்கள்.

5

வீட்டுக்கு வந்ததும் டீச்சருக்குப் போன் போட்டேன். அவரே முந்திக்கொண்டார். "ஏளா பொன்னு, புள்ள எப்படிப் பேசிச்சு பாத்தியா? கொஞ்சமாச்சும் அலைஞ்சாளா பாரு."

"டீச்சர், அவளுக்குக் கெடைக்கல. வேண்டாம்னு சொல்லிட்டான்னு எழுதிட்டாங்க."

"யாரு வேண்டாம்னா?"

"ஜெனிதான்."

"அது மொதல் வேண்டாம்லா."

"இங்கன அதுக்கெல்லாம் நம்பர் கெடையாது டீச்சர்."

எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஒன்று, இரண்டு என்று முணுமுணுப்பது கேட்டது. பிறகு, "நான்லா அவளுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தேன்" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

ஜெனியிடமும் பேசினேன். "அக்கா, வேணும்னு சொல்லியிருந்தா அங்கனயே எங்கம்மா ஏசியிருப்பா. என்னளா இப்படி அலையுதன்னு. ஞாயித்துக்கெழம என்னயப் பொண்ணு பாக்க வாராங்க. படிப்புக்குப் பணம் கெடச்சா அவங்கள வரவேண்டாம்னு சொல்லிருதேன்னு அம்மாவே சொல்லியிருந்தா."

"உனக்குப் படிக்கணுமா, வேண்டாமா?"

"நீங்க பாத்துச் செய்ங்கக்கா."

நம் ஊரில் அதற்கு வேணும் என்றுதான் அர்த்தம். ஆனால் அதை டிமருவில் யாரிடம் காட்டுவது? எனக்கு ஜெனி மேல் கோபம் வந்தது. டீச்சர் மேல் வந்தது. பையில் நோட்டை வைத்துக்கொண்டு 'நான் எதற்கு' என்று சொன்னவள் மேல்தான் அதிகம் வந்தது.

6

சனிக்கிழமை கயல், தான் இப்போது இருக்கும் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்திருந்தாள். அவள்தான் காரை ஓட்டினாள். நடந்ததைச் சொன்னேன்.

"வேணும்னா வேணும்னு சொல்ல வேண்டியதுதானேம்மா."

"அப்படிச் சொல்லிப் பழக்கமில்ல அவளுக்கு."

"அவளுக்கா, உனக்கா?"

கயலுக்குத் தமிழ் தேய்ந்துகொண்டே வருகிறது என்று நான் ஊரில் எல்லோரிடமும் குறைப்பட்டிருக்கிறேன். தேவையான வார்த்தைகள் இன்னும் கைவசம் இருக்கின்றன போலிருக்கிறது.

கூட்டத்தின் கடைசியில் 'பிற விஷயங்கள்' என்ற பகுதியில் ஒரு உறுப்பினர் மூன்று நிமிடம் பேசலாம். எழுந்து நின்றேன். என் ஊரில் மறுப்புக்கு மூன்று படிகள் உண்டு, ஜெனி சொன்னது முதல் படி என்றேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. ஹெதர், "இதற்கு ஏதாவது உதாரணம் சொல்ல முடியுமா?" என்றார்.

உதாரணம் அவர்களுடைய கூட்டக் குறிப்பிலேயே இருந்தது. அதை எடுத்துக்காட்டாமல் ஜெனியைக் காப்பாற்ற வழியில்லை என்று தெரிந்தது.

"ஆண்டுக் கூட்டத்தின் நான்காவது பொருள்" என்றேன். "சுடலைமுத்து மறுத்துவிட்டார் என்று இருக்கிறதே, அது முதல் மறுப்பு. நீங்கள் திரும்பக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும் என்றுதான் இருந்தது. என்ன செய்வேன் என்று எழுதிக்கூட வைத்திருந்தேன்."

நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். கல்யாண மேடையில்கூட நான் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. ஹெதர் நோட்டையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒரு பெண் வேண்டாம் என்றால் அதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம். இந்த ஊரை அதை நம்ப வைக்க எங்களுக்கு நாற்பது வருடம் ஆனது, போன் மேரி. அதை இப்போது நீங்கள் திருப்பிப் போடச் சொல்கிறீர்களா?"

நியாயமான கேள்வி. என்னோடு உள்ளே வந்து பின் வரிசையில் உட்கார்ந்திருந்த கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஆறாவது தோசை ஞாபகம் வந்தது.

"இல்லை" என்றேன். "என் அத்தை வேண்டாம் என்றாலும் இலையில் போட்டுவிடுவார். அது தப்புதான், என் மகள் அழுதாள். என் டீச்சர் அப்படிச் செய்யவில்லை. என் அப்பா வேண்டாம் என்றபோது உட்கார்ந்து இன்னொரு தடவை கேட்டார். அதனால்தான் நான் படித்தேன். நான் இலையில் போடச் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்கத்தான் சொல்கிறேன்."

மூன்று நிமிடம் தாண்டிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. விண்ணப்பதாரரோ உறுப்பினரோ மறுத்தால் மூன்று முறை கேட்கப்படும் என்று விதி பதினான்கில் ஒரு வரி சேர்ந்தது. இடையில் தேநீர் கொடுக்கப்படும் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்தார். அதுவும் நிறைவேறியது.

7

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, ஜெனியை மறுபடி அழைத்தோம். பெண் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் வருவதாக இருந்தார்கள். கேட்ட உடனே ஆமாம் என்று சொல்லிவிடு என்று நான் நூறு தடவை சொல்லியிருந்தேன். அதே நாற்காலி, பின்னால் டீச்சர், கதவோரம் அம்மா.

"இந்த உதவி உங்களுக்கு வேண்டுமா?" என்றார் ஹெதர்.

"எஸ் மேடம்."

மறுப்பவரிடம் மட்டும் மூன்று முறை கேட்டால் போதும். ஆனால் ஹெதர் புது விதியை யாரும் குறை சொல்லாதபடி நடத்திக்காட்டும் முடிவில் இருந்தார். இரண்டாவது முறையும் கேட்டார். ஜெனிக்குக் குழப்பம். எஸ் என்றாள். ஹெதர் மூன்றாவது முறையும் கேட்டார்.

ஜெனிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆங்கிலம் போய்விட்டது. "வேணும்" என்றாள். "எனக்கு வேணும்."

கதவுப் பக்கமிருந்து அவள் அம்மா, "என்னளா இப்படி அலையுத?" என்றாள்.

லூர்து டீச்சர் திரும்பிப் பார்த்தார். "அலையட்டும், விடு. கப்பல்ல போற புள்ள அலையத்தான செய்யும்."

நான் அழுதேன், சத்தம் போட்டே. அங்கே என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று ஹெதர் கேட்டார். அம்மா கண்டிக்கிறார், டீச்சர் அனுமதி கொடுக்கிறார் என்றேன். 'அனுமதி கிடைத்தது' என்று ஹெதர் குறித்துக்கொண்டார்.

8

ஜெனி இப்போது ஒரு சரக்குக் கப்பலில் இருக்கிறாள். போன வாரம் ஒரு ஸ்விட்ச்போர்டின் படத்தை அனுப்பியிருந்தாள். அவள் முகம் அதில் இல்லை. முகத்தை அனுப்பு என்று எழுதினேன். "ஐயோ, நான் எதுக்குக்கா" என்று பதில் வந்தது. மறுபடி கேட்டேன், அனுப்பினாள். ஹெல்மெட்டும் ஆரஞ்சு உடையுமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவள் அம்மா அந்தப் படத்தைத் திரேஸ்புரத்தில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டியதாக டீச்சர் சொன்னார்.

நேற்று மாலை நான்கு மணிக்கு ஹெதர் என் வீட்டுக்கு வந்தார். கைத்தடியைச் சோபாவில் சாய்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. "போன் மேரி, அடுத்த வாரம் நீங்கள் தலைவராக நிற்பீர்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். ஒரு வாரமாகக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பதிலைப் பழகியிருந்தேன். ஒரே வார்த்தை. கயல் போனில் என்னைச் சொல்ல வைத்துப் பரீட்சைகூட வைத்தாள்.

"ஐயோ, நான் எதற்கு?" என்றேன். "என்னைவிடத் தகுதியானவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்களே."

ஹெதர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"இது முதலாவது" என்றார். "எனக்கு ஏழு மணி வரை வேறு வேலை இல்லை."